வாளியில் வைத்த சேறு

முதலில் காணாமல் போனது மச்சம். மகள் தாய்மியின் இடது தோளில் பிறந்ததிலிருந்து இருந்த மச்சம். ராய்லி விளக்கைக் கிட்டே பிடித்துத் தேடினாள். புண் ஆறியபோது அதுவும் உதிர்ந்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஆறு வயது மகள் கரப்பான் புண்ணின் அரிப்பு தாங்காமல் இரவெல்லாம் சொறிந்து, காலையில் விரிப்பெல்லாம் ரத்தமாகக் கிடந்த காலம் ஒழிந்ததே, அது போதாதா? சனிக்கிழமைதோறும் சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் நீர் பட்ட சுடுகற்கள் சீற, பிர்ச் மர இலை மணமும் விறகுப் புகையும் மக்கிய பாசியின் புளித்த வாடையும் மூச்சில் அடைக்கும் வெக்கையில், சதுப்பிலிருந்து வெட்டிவந்த கருஞ்சேற்றை அவள் மகளுக்குப் பூசினாள். அரிப்பு அடங்கியது. பூசிய சேற்றை வழித்து, வெட்டிய குழியிலேயே போட்டுவிடுவது ஊர் வழக்கம். ஆனால் பகல் மூன்று மணிக்கே இருட்டும் நவம்பர் வந்து, சதுப்பு உறைந்து, கடப்பாரையும் இறங்கவில்லை. வழித்த சேற்றையே வாளியில் வைத்திருந்து மறுபடி மறுபடி பூசினாள்.

பக்கத்து வீட்டு ஓர்வோக்கி வாளியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேலி செய்தாள்.

“ஏன்டி, நேத்து காய்ச்சின காபித்தூளையே இன்னைக்கும் காய்ச்சுவியா?” பிறகு குரல் தாழ்ந்தது. “கொண்டுபோய்க் குழில போட்டுடு ராய்லி. அது நம்மளோடது இல்ல.”

ராய்லி சிரித்து மழுப்பினாள். அந்த ரத்தத்தை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

இந்தச் சனிக்கிழமை கன்னத்தில் லேசாகச் சிவந்திருந்ததால் முகத்துக்கும் பூசினாள். ஊறவிட்டு, சேற்றை வாளியில் வழித்துப் போட்டுவிட்டு, வெதுவெதுப்பான நீரை மொண்டு மகளின் வயிற்றில் ஊற்றித் தேய்த்தபோது கை எதிலும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது.

தொப்புள் இல்லை.

விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். ரேகை இல்லை. நகம் இல்லை.

“எரியுதா கண்ணு?”



முகத்தில் மிச்சமிருந்த கறுப்பின் மேல் நீரை ஊற்றினாள். நெற்றி. வழவழப்பு. அதற்குக் கீழும் வழவழப்பு. உள்ளங்கையால் துடைத்தாள். வேகமாகத் துடைத்தாள். மூக்கு எங்கே. வாய் எங்கே.

முதுகுக்குப் பின்னால், கதவோரம் வாளியில், சேறு களக்கென்று அசைந்தது.

“அம்மா,” என்றது தாய்மியின் குரல். “என்னைக் குழில போட்டுடாதம்மா.”

ராய்லி திரும்பவில்லை. அவள் கைகளுக்கு நடுவே, ஒன்றுமில்லாத அந்த முகம் மெல்ல வாளியின் பக்கம் திரும்பியது.