மூன்று தரம் கத்திய அலாரம்

டிசம்பர் 4, புதன்கிழமை. பிற்பகல் 1.10.

ஸ்ரௌவ்வில் என்ற புறநகரில் இன்னும் ஆட்கள் குடிவராத புதிய வீட்டு வரிசை. கடைசி வீட்டின் முன்னால் நின்ற வெள்ளை வானின் பின்கதவை றோய் மூன்றாவது தடவையாகத் தட்டினான். உள்ளே பம்ப் இரைந்துகொண்டிருந்தது. ஆள் குரல் இல்லை. எல்லாக் கதவுகளும் உள்பக்கமாகப் பூட்டியிருந்தன. யன்னல் கழுவும் கம்பின் அடிப்பக்கத்தால் சாரதிப் பக்கக் கண்ணாடியை உடைத்து உள்ளே கையை விட்டான்.

மரியோ தண்ணீர்த் தாங்கியில் சாய்ந்தபடி தரையில் இருந்தான். வயது நாற்பத்தெட்டு. மடியில் சுருட்டிய குழாய். கன்னங்கள் இரண்டும், இப்போதுதான் முகம் கழுவியவனுடையவைபோலச் சிவந்திருந்தன. அவனுக்குப் பக்கத்தில் காஸ் கீற்றர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

1.50க்கு அவன் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

மரியோவும் றோயும் யன்னல் கழுவும் தொழிலில் பங்காளிகள். வானுக்குள் தண்ணீர்த் தாங்கி, பம்ப், தண்ணீரைச் சூடாக்கும் காஸ் கீற்றர். நீண்ட கம்பின் நுனித் தூரிகையால் நிலத்தில் நின்றபடியே மூன்றாம் மாடிக் கண்ணாடியையும் கழுவுவார்கள். சுடுதண்ணீர் இல்லாமல் குளிர்காலத்தில் அந்தத் தொழில் இல்லை. கீற்றரின் புகை கூரைக்குழாய் வழியே வெளியே போகும். குழாய் அடைபட்டால் மணமும் நிறமும் இல்லாத நஞ்சு வானுக்குள் நிறையும்.

மரியோவின் தகப்பன் சூசைதாசனுக்கு எழுபத்தாறு வயது. மன்னாரில் முப்பது வருடம் திடீர் மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர். கிணற்றில் விழுந்தவர், கடலில் போனவர், பூச்சிமருந்து குடித்தவர் என்று எண்ணூறுக்கு மேற்பட்ட பிரேதங்களுக்குப் பக்கத்தில் நின்று காரணம் எழுதிய கை அவருடையது. 'தீர்மானிக்க முடியவில்லை' என்று அவர் ஒருதரமும் எழுதியதில்லை. அப்படி எழுதுவது இறந்தவனின் குடும்பத்தை ஊர் வாயில் போடுவதற்குச் சமம் என்பது அவருடைய கொள்கை.

இப்போது அதே சொல் அவருடைய வீட்டுக்கே வந்தது.

ஜனவரி 2, வியாழன். காலை 10.20.

மரியோவின் சாவை விசாரித்த அதிகாரி தொலைபேசியில் மரியாதையாகவே பேசினார். கூரைக்குழாயின் வாயில் பனிக்கட்டி அடைத்திருந்தது. கதவுகள் பூட்டியிருந்தன. நச்சுக்காற்றைக் காட்டும் அலாரம் வாங்கிய பெட்டி வானில் இருக்கிறது, ஆனால் அலாரம் இல்லை. அது இருக்கவேண்டிய ஆணியில் வெறும் புகை அலாரம் தொங்கியது. யாரோ வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார்கள். வானைப் பூட்டும் திறப்பு மரியோவிடம்தான் இருந்தது. சாவுக்கு முந்தின வாரம் தகப்பனுக்கும் மகனுக்கும் வாய்த்தர்க்கம் நடந்ததாகவும் கேள்வி. புதிதாக ஒன்றும் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை 'தீர்மானிக்க முடியவில்லை' என்று விசாரணைக் கோவையை மூடுவார்கள்.

வாய்த்தர்க்கத்தை அதிகாரியின் காதில் போட்டது யார் என்று சூசைதாசன் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி பஸ்ரியனுக்கு வாயில் எதுவும் நிற்பதில்லை. "மரியோ தானாப் போயிட்டான்" என்ற கதை கோயில் வாசலில் ஒரு மாதமாக உலாவியது. பேத்தி நடாஷாவுக்குக் கலியாணம் பேசி முடித்த மொன்றியல் மாப்பிள்ளைப் பகுதியார் செத்தவீட்டுக்குப் பிறகு ஒரு போனும் எடுக்கவில்லை.

"அலாரத்தைத் திருப்பித் தருவீங்களா?" என்று அதிகாரியிடம் கேட்டார் சூசைதாசன்.

வானில் தொங்கிய புகை அலாரம் அன்று பிற்பகலே பிளாஸ்ரிக் பையில் வந்து சேர்ந்தது.

மாலை 5.40.

மகன் குடும்பத்தோடு அவர் வசிக்கும் றெக்ஸ்டேல் வீட்டின் கீழறையில் றோய் அவருக்கு முன்னால் இருந்தான். மேசையில் வெள்ளை வட்ட அலாரம்.

"கீற்றர் எரியேக்கை மரியோ கதவு சாத்துறவனோ?"

"ஒருநாளும் இல்லை அங்கிள். பின்கதவு ரெண்டும் ஆவெண்டு திறந்து கிடக்கும். தானும் உள்ளுக்கு இருக்கான், என்னையும் இருக்க விடான். கொட்டுற பனிக்கை நிண்டு சோறு திண்டிருக்கிறம்."

"அண்டைக்கு ஏன் சாத்தினவன்?"

"மைனஸ் பதினொண்டு. குழாய் உறைஞ்சு கம்பி மாதிரி நிண்டது. உள்ளுக்கு எடுத்துச் சுடுதண்ணி விட்டு இளக்கிறன், நீ போய் வீட்டுக்குள்ளை உள்பக்கக் கண்ணாடியளைத் துடை எண்டான். கதவைச் சாத்தாதை எண்டு நான் சொன்னனான். பத்து நிமிசம்தானே, அலாரம் கிடக்குது, கத்தினால் பாய்ஞ்சு வருவன் எண்டான்."

"பூட்டினது?"

"போன வருசம் இந்தப் பக்கத்திலை எங்கட கம்பு களவு போனதுக்குப் பிறகு உள்ளுக்கு இருந்தாலும் பூட்டுவான். பழக்கம்."

"உதைப் பொலிசுக்குச் சொன்னனியோ?"

"சொன்னனான் அங்கிள். அப்ப அந்த அலாரம் எங்கை எண்டு திருப்பிக் கேட்டாங்கள். எனக்கென்ன தெரியும்?"

சூசைதாசன் அலாரத்தின் நடுப் பொத்தானை அமுக்கினார். அது மூன்று தரம் கத்தி நின்றது. திரும்பவும் மூன்று தரம்.

றோயின் முகம் சுருங்கியது.

"என்ன?"

"ஒண்டுமில்லை அங்கிள். திங்கட்கிழமைக் காலமையிலை மரியோ உதை அமத்திப் பாக்காமல் வானை எடுக்கமாட்டான். எப்பவும் நாலு தரம் கத்தும். நான் பகிடிக்கு எண்ணுவன். அந்தக் கடைசித் திங்கள் மூண்டு தரம்தான் கத்தினது. உன்ரை அலாரமும் களைச்சுப் போச்சு மச்சான் எண்டு சொன்னனான். சிரிச்சவன்."

"கடைசித் திங்கள் எண்டால் டிசம்பர் ரெண்டு."

"ஓம்."

"அதுக்கு முந்தின திங்கள்?"

"நாலு. வடிவாத் தெரியும்."

நாலு தரம் கத்துவது நஞ்சுக்கு, மூன்று தரம் கத்துவது புகைக்கு. பெட்டியோடு வந்த தாளில் அது எழுதியிருந்தது. மரியோ தாளைப் படித்திருப்பான், ஆனால் எண்ணுகிற பழக்கம் அவனிடம் இல்லை. சத்தம் வந்தால் சரி. எண்ணியவனுக்கோ அர்த்தம் தெரியாது.

ஆகவே, நவம்பர் 25க்கும் டிசம்பர் 2க்கும் இடையில் அலாரம் மாறியிருக்கிறது. சாகத் துணிந்தவன் அலாரத்தைக் கழற்றி எறிவான். அந்த இடத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து கொழுவமாட்டான்.

"இனி எந்த வானிலை வேலை செய்தாலும் கதவைத் திறந்துவிடு, தம்பி," என்றார் சூசைதாசன். "அலாரம் கிடக்குதெண்டு கதவைச் சாத்தினது என்ரை மகன்ரை பிழை. அதை நான் மறைக்கேல்லை. ஆனால் சாகவேணுமெண்டு சாத்தேல்லை."

றோய் போனபிறகு அவர் அலாரத்தைக் கையில் எடுத்தார். விரல் ஒட்டியது. மெல்லிய மஞ்சள் பிசுக்கு அதன்மேல் படிந்திருந்தது. மூக்கருகே பிடித்தார். பழைய எண்ணெய் மணம். வடிகட்டிய தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாத வானுக்குள் எண்ணெய் எங்கிருந்து வந்தது?

அன்றிரவு அந்தக் கேள்வியோடே படுத்தார்.

ஜனவரி 3, வெள்ளி. பிற்பகல் 2.15.

மரியோ இறந்து முப்பத்தோராம் நாள். மாலையில் பூசை, பிறகு வீட்டில் சாப்பாடு. மருமகள் கரோலின் குசினியில் பாரைமீன் பொரித்துக்கொண்டிருந்தாள். புகை மண்டிக் கண் எரிந்தது. சூசைதாசன் வாசலில் நின்றபடி எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று அவருக்கே விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

அலாரத்தின் சத்தத்தை.

இந்தக் குசினியில் மீன் பொரித்தால் அலாரம் கத்தும். துவாயை விசுக்கிக்கொண்டு ஒருவர் கீழே நிற்பார். வருடக்கணக்காக அதுதான் வழக்கம். இன்று அது பேசாமல் இருந்தது.

அவர் அண்ணாந்து பார்த்தார்.

எண்ணெய்ப் புகையில் மஞ்சளாகிப் போன கூரை. நடுவில் வெள்ளை அலாரம். அதைச் சுற்றி அரை விரல் அகலத்தில் ஒரு வளையம், அது மட்டும் சுத்தமான வெள்ளை. அந்த இடத்தில் முன்பு இதைவிடப் பெரிய ஒன்று நெடுநாள் இருந்திருக்கிறது.

நவம்பர் 30, சனிக்கிழமை.

மொன்றியல் பகுதியார் வந்த நாள். ஈஸ்ரருக்கு இந்தக் குசினியின் பழைய அலாரம் கத்தி, பக்கத்து வீட்டுக்காரர் அறிவித்து, தீயணைப்பு வண்டி வந்து, தெருவே யன்னலில் நின்று பார்த்தது. சூசைதாசன் அதை மறக்கவில்லை. சம்பந்தம் பேச வருகிறவர்கள் முன்னால் அப்படியொரு வெட்கம் நடக்கக்கூடாது. "இண்டைக்கு உது கத்தப்படாது. கத்தாத ஒண்டைப் போடு" என்று சொன்னவர் அவர். மரியோ காரில் கேக் எடுக்கப் போயிருந்தான். வானின் திறப்பு வீட்டுச் சுவர் ஆணியில் தொங்கியது.

உயரமான ஸ்ரூலின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. மேலே என்ன நடக்கிறதென்று அவர் பார்க்கவில்லை. அவருடைய கண் வாசலில் இருந்தது, கார் வருகிறதா என்று.

"பிள்ளை," என்றார். "உந்த அலாரம் எங்கை எடுத்தது?"

கரோலின் மீனைத் திருப்பிப் போட்டாள். "வானுக்குள்ளை கிடந்தது மாமா. நீங்கள்தானே கத்தாத ஒண்டு போடச் சொன்னீங்கள். அவரின்ரை ஒருநாளும் கத்தினதில்லை. எங்கடையை அங்கை கொழுவிப்போட்டு அதைக் கொண்டுவந்தன்."

"திருப்பி மாத்தேல்லை?"

"பேந்து மாத்துவம் எண்டிருந்தன். மொன்றியல் பகுதியார் ஓமெண்டு சொல்லிப்போட்டுப் போன சந்தோசத்திலை மறந்துபோனன். எல்லாம் ஒண்டுதானே." அவள் திரும்பினாள். "ஏன் மாமா?"

"ஒண்டுமில்லை. மீன் கருகுது."

எண்ணூறு மரணங்களில் ஒருமுறையும் அவர் சாட்சிக்குப் பொய் சொன்னதில்லை.

பூசை முழுவதும் அவர் முழந்தாளிடவில்லை. முழங்கால் மடங்காமல் பத்து வருடம். கோயில் வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டார். பேசாமல் விட்டால் மரியோ தற்கொலைக்காரன், நடாஷா அவனுடைய மகள். உண்மையைச் சொன்னால் புருசனைக் கொன்றது தன் கை என்று கரோலினுக்குத் தெரியவரும். மூன்றாவது வழி ஒன்றுதான் இருந்தது.

இரவு 7.50.

வீட்டில் பதினைந்து பேர். பஸ்ரியன் தட்டோடு சோபாவில் இருந்தான். சூசைதாசன் புகை அலாரத்தை மேசையில் வைத்துவிட்டுத் தடியை ஊன்றி எழும்பினார்.

"பஸ்ரியன், சாப்பாட்டை வைச்சுப்போட்டுக் கேள். நீதான் எல்லாருக்கும் சொல்லவேண்டிய ஆள்."

பஸ்ரியன் தட்டை வைத்தான். "நான் என்ன அத்தான் சொன்னனான்?"

"மரியோ தற்கொலை செய்யேல்லை. அவன்ரை வானிலை கிடந்த அலாரத்தை இந்த வீட்டு ஆள் ஒராள் மாத்தினது. நவம்பர் முப்பது, சனிக்கிழமை." அவர் விரலால் மேலே காட்டினார். "அவன்ரை அலாரம் உங்கை குசினிக் கூரையிலை கிடக்குது. சுத்திப் பாருங்கோ, பழையதின்ரை அளவிலை வெள்ளை வளையம் நிக்குது. குசினியிலை கிடந்தது வானுக்குப் போச்சு. தொட்டுப் பாருங்கோ, மீன் பொரிச்ச எண்ணெய் இன்னும் ஒட்டுது. அவன் அதை நம்பிக் கதவைச் சாத்தினவன். அது புகைக்குத்தான் கத்தும், நஞ்சுக்குக் கத்தாது. கத்தேல்லை."

அவர் தடியை மற்றக் கைக்கு மாற்றினார்.

"மாத்தினது நான். வீட்டு மானம் போகப்படாது எண்டு நான் மாத்தினனான். திங்கட்கிழமை அதிகாரிக்கும் இதைத்தான் சொல்லுவன்."

பஸ்ரியன் தரையைப் பார்த்தான். அவனுடைய கதை அந்த இடத்திலேயே செத்துவிட்டது. சூசைதாசன் முப்பது வருடம் செய்த வேலையை இன்னொருமுறை பிசகில்லாமல் செய்து முடித்திருந்தார்.

அப்போது கதவோரம் நின்ற றோய் கூரையை அண்ணாந்து பார்த்தான். பிறகு தடியைப் பார்த்தான். கெட்ட எண்ணம் எதுவும் அவனுக்கு இல்லை.

"அங்கிள்," என்றான், "உங்கட முழங்காலோடை எப்பிடி உதிலை ஏறினனீங்கள்?"

சூசைதாசன் குசினி வாசல் பக்கம் திரும்பினார்.

குசினி வாசலில் கரோலின் நின்றாள். கையில் இருந்த கோப்பையைப் பக்கத்து அலுமாரித் தட்டில் மெதுவாக வைத்தாள். மேலே பார்த்தாள். வெள்ளை வளையத்தையே நெடுநேரம் பார்த்தாள். மத்தியானம் சூசைதாசன் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாய் அவளிடம் திரும்பி வந்ததை எல்லோரும் அவள் முகத்தில் கண்டார்கள்.

நடாஷா, "Mom?" என்றாள்.

"நான்தான் ஏறினனான்," என்றாள் கரோலின். "ஸ்ரூலை மாமா பிடிச்சவர்."

சூசைதாசனின் தடி கைநழுவித் தரையில் விழுந்தது. எடுத்துக்கொடுக்க ஒருவரும் குனியவில்லை.