அப்பாவின் முகம் பேசும்வரை

முசிறியில் வலேரியன் நன்னன் தினமும் குளித்துவிட்டுக் கூடத்துச் சுவர் முன்னால் கைகட்டி நிற்பார். சுவரில் அப்பாவின் முகம்.

"அப்பா, துறைமுகத்துக்குப் போயிட்டு வரட்டுமா?"

"வெயில் அடிக்குது. வண்டியில போ," என்றது முகம்.

நன்னனுக்கே தலை முழுக்க நரைத்துவிட்டது. அப்பாவை எரித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் சட்டப்படி அவர் இறக்கவில்லை.

மிளகு வாங்க வந்த ரோமர்கள் இங்கே படை கொண்டுவரவில்லை. அவர்களுடைய பேரரசின் எல்லை எகிப்தோடு முடிந்துபோனது. இங்கிருந்த வணிகக் குடும்பங்கள்தாம் அவர்கள் சட்டத்தை ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டன. தந்தை இருக்கும்வரை பிள்ளைகளின் சொத்தும் திருமணமும் மணமுறிவும் அவர் கையில். முன்னோரின் மெழுகு முகங்களைக் கூடத்தில் மாட்டும் வழக்கமும் அப்படி வந்ததுதான். நூற்றாண்டுகளாக அவை சும்மா தொங்கின. நினைவுப்பதிவு இயந்திரம் வந்ததும் பேசத் தொடங்கின. பேசுகிறவர் எப்படி இறந்தவராவார் என்று நீதிமன்றம் கேட்டது. அதன்பிறகு, பதிவு செய்துகொண்ட எந்தத் தந்தையும் சாகவில்லை.

நன்னன் கிளம்பும்போது முகம் சொன்னது: "வேண்மாள் கல்யாணத்தை முறிச்சுட்டேன். கொர்னேலியன் வீட்டுல அவளுக்கு வேற மாப்பிள்ளை பேசி முடிச்சாச்சு. ஆதனைப் போகச் சொல்லு."

தங்கை வேண்மாளும் அவள் கணவன் ஆதனும் விருந்துக்கு வந்திருந்தார்கள். ஆதனின் கப்பல் மூழ்கியதிலிருந்தே அப்பாவுக்கு அவன்மேல் மதிப்பில்லை.

வேண்மாள் ஓடிவந்து அண்ணனின் கையைப் பிடித்தாள். "அண்ணா, முகத்துக்குக் கீழே பெட்டிக்குள்ள இருக்கிற மின்கம்பியைப் பிடுங்கிடு. என் கைரேகைக்கு அந்தப் பெட்டி திறக்காது. உனக்குத் திறக்கும்."

"தந்தைக்கொலைன்னு சாக்குல கட்டிக் கடல்ல போட்டுடுவாங்கம்மா."

"அவர் செத்துட்டார் அண்ணா. நீதானே கொள்ளி வச்ச?"

நன்னன் பெட்டியைத் திறந்தார். கம்பியைப் பற்றினார். முகம் கத்தவில்லை.

"நன்னா, உன் பதிவும் முடிஞ்சிடுச்சு. இதைப் பிடுங்கினா அதையும் அழிச்சிடுவாங்க. உனக்கப்புறம் உன் பையன் உன் பேச்சைக் கேட்டு நடக்க வேணாமா?"

கடலில் போடுவார்கள் என்பதற்கு அஞ்சாத கை இப்போது கம்பியை விட்டது. பெட்டியை மூடிவிட்டு வாசலுக்குப் போனார்.

"நீங்க கிளம்புங்க மாப்பிள்ளை," என்றார், ஆதனின் கண்களைப் பார்க்காமல். ஆதன் வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை.

உள்ளே வேண்மாள் அழவில்லை. அண்ணன் நீட்டிய தண்ணீரையும் தொடவில்லை.

"கொர்னேலியன் வீட்டுச் சுவர்ல எத்தனை பேர் பேசுறாங்க?" என்று கேட்டாள்.

"மூணு பேரும்மா."