வெளியே வராத ஊஞ்சல்

கிட்ட வந்து உட்காருங்கள், என் தங்கங்களே. மழை அது பாட்டுக்குப் பெய்யட்டும். எங்கள் ஊரில், கார்களாவுக்குப் போகும் சாலையில் பழைய வங்கி ஒன்று இருக்கிறதே, அதன் கதையைச் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் காசாளர் வாரிஜாவும் புது மேலாளர் சதானந்த ராவும் ஆளுக்கொரு சாவி போட்டு இரும்பு அறையைத் திறந்தபோது, உள்ளே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது.

"காத்துல ஆடுது வாரிஜாக்கா."

"இந்த ரூமுக்குள்ள காத்து வர ஒரு ஓட்டை கிடையாது சார்."

அந்தக் கட்டடம் முன்பு ஷெட்டிமாரின் வீடு. செம்புறைக்கல் சுவர் அங்கேதான் தடிமன் என்று, வீட்டைக் காக்கும் தெய்வமான பூதத்துக்கு விட்டிருந்த அறையையே வங்கிக்காரர்கள் பணம் வைக்க எடுத்துக்கொண்டார்கள். பூதத்தின் முகக்கவசமும் வாளும் பூசை போட்டு வேறு வீட்டுக்குப் போயின. அதன் பலாமர ஊஞ்சல் மட்டும் போகவில்லை. இரும்புக் கதவை மாட்டி முடித்த பிறகுதான் வாசல் குறுகிப்போனது தெரிந்தது. அறுக்க எந்தத் தச்சனும் வரவில்லை. அன்றிலிருந்து அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. செருப்போடு யாரும் உள்ளே போனதும் இல்லை.

ராவ் ஷூவோடு போனார். ஊஞ்சலில் உட்கார்ந்து, அவிழ்ந்த நாடாவை முடிந்தார்.

"ஐயோ, எந்திரிங்க சார்! உங்க கால்ல விழுறேன்."

"ஏன், உங்க பூதம் சண்டைக்கு வருமா? முதல்ல ஆதார் கார்டு கொண்டுவரச் சொல்லுங்க."

மின்சாரம் போனது.

மெழுகுவத்தி எடுக்க வாரிஜா முன்னறைக்கு ஓடினாள். ஓடுகளின் மேல் மழை இரைந்தது. ஈரச்சுவரின் நெடியும் வௌவால் நாற்றமும் கலந்த அந்த இருட்டில், எங்கிருந்தோ கமுகம்பூ வாசனை, பூதத்துக்குச் சாத்தும் பூவின் வாசனை, புதிதாய்ப் பறித்ததுபோல் வந்து தொண்டையை அடைத்தது. சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு திரும்பினாள். அறைக்கதவு சாத்தியிருந்தது. ராவ் வெளியே, முதுகு காட்டி நின்றிருந்தார். அவர் சாவி ஏற்கெனவே திரும்பியிருந்தது.

'அப்பாடா, வெளியே வந்துவிட்டார்.' அவளும் தன் சாவியைப் போட்டுத் திருப்பினாள்.

உள்ளே சங்கிலி கிரீச்சிட்டது.

"வாரிஜாக்கா!" கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அழுகையோடு. "பூட்டாதீங்க! என் சாவியைக் காணோம். யாரோ பக்கத்துல உக்காந்திருக்காங்க. மூச்சு முட்டுது அக்கா!"

ராவின் குரல்.

திறக்க இரண்டு சாவியும் வேண்டும்.

மெழுகுவத்தியைத் தாழ்த்தினாள். பக்கத்தில் நின்றவருக்கு ஷூ இல்லை. வெறுங்கால். பூத வேடம் கட்டுபவர்போல் மஞ்சள் பூசிய கால். தரையில் அழுந்தி நின்றது. உடம்பு மட்டும் முன்னும் பின்னும். முன்னும் பின்னும். சங்கிலிச் சத்தத்தோடு சேர்ந்து.

உள்ளே கதவைத் தட்டும் ஓசை தேய்ந்தது.

முகத்தைத் திருப்பாமலே அது கையை நீட்டியது. விரித்த உள்ளங்கையில் ராவின் சாவி. பக்கத்தில், அவள் சாவிக்கு இடம்.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு ஊஞ்சலில் என்றைக்கும் உங்கள் பிள்ளைகளே ஆடட்டும்.