ஜெர்மன் மீசைக்காரருக்கு ஒரு பொட்டு

ஆண்டாளின் வீடு பர்மாவின் யாங்கூன் நகரில், போட்டாதாங் படகுத்துறைக்குப் பக்கத்துத் தெருவில், ஐந்தாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. மொத்தம் எழுபத்தெட்டுப் படிகள். ஆண்டாளே மூன்று தடவை எண்ணிப் பார்த்த கணக்கு இது. அதனால் நம்பலாம்.

அவ்வளவு படி ஏற யாருக்குத்தான் ஆசை வரும்? அதற்காகவே அந்தத் தெருவில் எல்லா மாடிகளிலிருந்தும் கயிறுகள் தொங்கும். மேலே ஒரு மணி, கீழே ஒரு கிளிப். கீழே நிற்பவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். கிளிப்பில் செய்தித்தாளையோ கீரைக்கட்டையோ மாட்டிவிட்டால் மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார்.

ஒரு புதன்கிழமை அந்த மணி அடித்தது. ஆண்டாள் எட்டிப் பார்த்தாள். நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் அப்துல் ரவூப், துணியில் சுற்றிய எதையோ குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நின்றார்.

"கிளிப்புல மாட்டுங்க, பாய் மாமா!" என்று கத்தினாள் ஆண்டாள்.

"இதையா? மாட்டவே மாட்டேன். நானே ஏறி வரேன்!"

மேலே வந்து சேர்ந்ததும் ஐந்து நிமிடம் மூச்சு வாங்கினார். பிறகுதான் பேச்சு வந்தது. துணியைப் பிரித்து ஒரு பழைய ஆல்பத்தை எடுத்து ஆண்டாளின் அம்மா கலாவிடம் கொடுத்தார். கலா பழைய புத்தகங்களைத் தைத்து, ஒட்டிச் சரிசெய்து தருகிறவர். ஆனால் இதுவரை ஆல்பம் எதுவும் அவரிடம் வந்ததில்லை.

ஆண்டாளும் எட்டிப் பார்த்தாள். உள்ளே பழுப்பேறிய தபால் அட்டைகள். ஒன்றில் ஒரே மாதிரி கவுன் போட்ட நான்கு அக்கா தங்கைகள் மேசை நிறைய மணிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இன்னொன்றில் ஒருவர் தன்னைவிடப் பெரிய ஊதுகுழலுக்குள் புகுந்து நின்றார். பக்கத்தில் ஒரு நாய், தலையில் தொப்பியோடு.

"யாரு இவங்கல்லாம், பாய் மாமா?"

"ஜெர்மனியில ஊர் ஊராப் போயி வாசிச்ச குடும்பங்க. அப்பா, அம்மா, புள்ளைங்க எல்லாரும் சேந்து வாசிப்பாங்க. கச்சேரி முடிஞ்சதும் தங்களோட படம் போட்ட அட்டையை அங்கேயே விப்பாங்களாம். நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. அந்தக் காலத்துல இங்க அரிசி வியாபாரத்துக்கு வந்த யாரோ ஒரு ஜெர்மன்காரர் விட்டுட்டுப் போன ஆல்பம்."

"கீழ என்ன எழுதியிருக்கு?"

"அது ஜெர்மன் எழுத்து. எனக்குப் படம் மட்டும்தான் படிக்கத் தெரியும்."

ரவூப் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அங்கே ஏழு பேர் இருந்தார்கள். பெரிய மீசை வைத்த அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள். ஆளுக்கொரு வாத்தியம். கடைசிப் பாப்பா ஒரு சின்ன இரும்பு முக்கோணத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது.

"தங்கச்சி, இந்த அட்டைக்காக டோ டின் டின் மோன்னு ஒரு அம்மா மூணு மாசமா நடையா நடக்குறாங்க. இது பக்கத்தோட ஒட்டிக்கிச்சு. கிழியாம எடுத்துக் குடு. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அவங்க வராங்க. இது நல்லா வந்துட்டா இன்னும் ரெண்டு ஆல்பம் வேலையும் உனக்குத்தான்."

அன்றிலிருந்து அம்மா ஆண்டாளிடம்கூட அதிகம் பேசவில்லை. ஈரத்துணியை ஒற்றி ஒற்றி, மெல்லிய கத்தியை நுழைத்து, சனிக்கிழமை இரவு அட்டையைப் பிரித்து எடுத்துவிட்டார். ஒரு மூலைகூடக் கிழியவில்லை. வெளியே ஆடி மாதத்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. அட்டையை எங்கே காய வைப்பது? கூடத்துச் சுவரில் சாமான் எதுவும் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். தாத்தா பாட்டிகளின் படங்கள் இருக்கும் பலகை. அங்கே கொள்ளுப்பாட்டி தைலம்மாளுக்குப் பக்கத்தில் ஜெர்மன் குடும்பத்தைச் சாய்த்து வைத்தார்.

மறுநாள் ஞாயிறு ஆடி அமாவாசை. செத்துப்போனவர்களுக்கு இலை போட்டுப் படைக்கும் நாள்.

அம்மா அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். அப்பா வாழை இலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

"ஆண்டாளு, படத்தையெல்லாம் தொடைச்சு சந்தனம் குங்குமம் வை!" என்று அம்மா குரல் கொடுத்தார்.

ஆண்டாள் ஸ்டூலில் ஏறினாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கொள்ளுத்தாத்தா வீரப்பனுக்குப் பொட்டு வைத்தாள். தைலம்மாளுக்கு வைத்தாள். அடுத்துப் பார்த்தால் ஏழு ஜெர்மன்காரர்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டாளுக்குப் பாவமாக இருந்தது. இவர்களும் செத்துப்போனவர்கள்தானே? ஊர் ஊராகப் போய் வாசித்திருக்கிறார்கள். சொந்த ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து இந்தப் பலகையில் நிற்கிறார்கள். எல்லாருக்கும் பொட்டு வைத்துவிட்டு இவர்களை மட்டும் தாண்டிப் போனால் நன்றாகவா இருக்கும்?

தலைகள் பட்டாணி அளவுதான் இருந்தன. விரல் சரிப்படாது. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் கழுவினாள். அதன் நுனியில் சந்தனத்தைத் தொட்டு மீசைக்காரரின் நெற்றியில் வைத்தாள். அதன்மேல் குங்குமம். பிறகு அவருடைய மனைவிக்கு. பிறகு பிள்ளைகளுக்கு, பெரிய ஆளில் தொடங்கி வரிசையாக.

கடைசிப் பாப்பாவிடம் வந்ததும் ஈர்க்கு நின்றது. இதற்கு மூன்று வயதுதான் இருக்கும். ஜப்பானில் சிலர் நூற்றுப் பதினாறு வயதுவரை இருந்திருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லியிருந்தார். இந்தப் பாப்பாவும் எங்காவது இருந்தால்? இருக்கிறவர்கள் படத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது. ஆண்டாள் பாப்பாவை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள்.

வடைத் தட்டோடு வந்த அம்மா பலகையைப் பார்த்தார். தட்டு கையிலிருந்து விழாமல் இருந்தது ஆச்சரியம்தான்.

"அடியே! என்னாடி பண்ணி வச்சிருக்கே!"

"நீதானம்மா எல்லாப் படத்துக்கும் வைக்கச் சொன்னே."

"நம்ம படத்துக்கெல்லாம் கண்ணாடி இருக்கு, தொடைச்சா போயிரும். இது வெறும் அட்டைடி!"

கண்ணாடியைப் பற்றி அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"அவங்களுக்கு வைக்க யாருமே இல்லையேன்னு வச்சேம்மா," என்றாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

அம்மாவுக்கு வந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியை அடக்கிக்கொண்டு சொன்னார். "ஈரத்துல தொடாதே. பரவிரும். காயட்டும்."

படையல் முடிந்தது. காக்கைகள் சோறு தின்றன. அப்பா சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைக்கு வேலைக்குப் போனார். பிறகு அம்மா அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு மென்மையான தூரிகையால் தட்டினார். சந்தனம் உதிர்ந்துவிட்டது. குங்குமம் மட்டும் சிவப்பாக உட்கார்ந்திருந்தது. ரொட்டியின் நடுப்பஞ்சை உருட்டி மீசைக்காரரின் நெற்றியில் லேசாக ஒற்றினார். பொட்டு அசையவில்லை. மீசைக்காரர்தான் கொஞ்சம் வெளுத்தார்.

"இதுக்கு மேல தேச்சா நெத்தியே போயிரும்," என்று அம்மா கையை எடுத்துவிட்டார்.

நான்கு மணிக்குக் கயிற்று மணி அடித்தது.

"தங்கச்சி!" கீழேயிருந்து ரவூப்பின் குரல். "அந்த அம்மா வந்துட்டாங்க. பாவம், இந்தப் படியெல்லாம் அவங்களால ஏற முடியாது. அட்டையை ஒரு கவர்ல போட்டு இறக்கிவிடு. மழை விட்டுருச்சு!"

அம்மா அட்டையைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு பால்கனிக்கு நடந்தார்.

"நீ உள்ளாற இரு. நான் பிரிக்கிறப்ப கறை பட்டுருச்சுன்னு சொல்லிக்கிறேன்."

ஆண்டாள் யோசித்தாள். அட்டை தனியாக இறங்கிப் போகும். கதவுக்குப் பின்னால் நின்றால் யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. ஆனால் மூன்று நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்த அம்மாவுக்கு வேலை தெரியாது என்று ஆகிவிடும். அந்த இரண்டு ஆல்பங்களும் வராது.

"கயித்துல வேணாம்மா. நானே கொண்டு போறேன்."

"திட்டுவாங்கடி."

"திட்டட்டும். இங்க இருந்தா எனக்குச் சரியாக் கேக்காது," என்று கவரை வாங்கிக்கொண்டாள்.

எழுபத்தெட்டுப் படிகளும் அன்று எப்படித்தான் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்தனவோ!

கீழே டீக்கடையின் குட்டை ஸ்டூலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கொண்டையில் ஒரு பூ. இரண்டு கன்னத்திலும் வட்டமாக, மரப்பட்டையை அரைத்த தனக்கா பூச்சு. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே இனி அவர்கள் பேசியதெல்லாம் பர்மிய மொழியில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"அப்வா," என்றாள் ஆண்டாள். அங்கே பாட்டிகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அம்மா இந்த அட்டையைத் துளிகூடக் கிழியாம எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் நான்தான் கெடுத்துட்டேன். தப்பு அம்மாவோடது இல்லை."

ரவூப் அட்டையை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"யா அல்லா! ஜெர்மன்காரருக்கே பொட்டு வச்சிட்டியா!"

டோ டின் டின் மோ கையை நீட்டி அட்டையை வாங்கினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஆண்டாள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு வச்சே, பாப்பா?"

"செத்துப்போனவங்க படத்துக்கு நாங்க வைப்போம். மறக்கலைன்னு அவங்களுக்குத் தெரியணும்ல? இவங்களுக்கு வைக்க யாருமே இல்லை. அதான்."

"சரி. அப்போ இந்தக் குட்டிக்கு மட்டும் ஏன் வைக்கலை?"

"அது எங்கயாவது இருந்தா? இருக்கிறவங்களுக்கு வைக்கக் கூடாது, அப்வா."

பாட்டி அட்டையைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோனார். ரவூப் பதறிவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஆல்பத்துல வேற நல்ல அட்டையெல்லாம் இருக்கு. நாயும் தொப்பியுமா ஒண்ணு..."

"எனக்கு நாய் வேண்டாம், ரவூப்," என்றார் பாட்டி. "நாங்களும் ஏழு பேர். த்வாண்டே கால்வாய்ல படகுல போவோம். எந்த ஊர்ப் புத்தர் கோயில்ல திருவிழாவோ அங்கே இறங்கி வாசிப்போம். எல்லாரும் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கலை. அதான் இந்த ஏழு பேரையாவது வீட்டுல வச்சுக்கலாம்னு வந்தேன்."

அதற்குள் அம்மாவும் மூச்சிரைக்க இறங்கி வந்து ஆண்டாளின் பின்னால் நின்றார்.

பாட்டி மீசைக்காரரின் பொட்டின்மேல் விரலை வைத்தார். "இது எங்கப்பா. மூங்கில் துண்டுகளைத் தட்டி வாசிக்கிற பட்டாலா வாசிப்பார். அப்பாவுக்கு மீசையே கிடையாது, பரவாயில்லை." விரல் நகர்ந்தது. "இது அம்மா. பாடுவாங்க. இது பெரியண்ணன், வயலின். இது சின்னண்ணன், மத்தளம். இவங்க பெரியக்கா. இவங்க சின்னக்கா. போன சித்திரையில அவங்களும் போயிட்டாங்க."

விரல் பொட்டில்லாத பாப்பாவிடம் வந்தது. பாட்டி நிமிர்ந்து ஆண்டாளைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"நீ சரியாத்தான் செஞ்சிருக்கே. இந்தக் குட்டி இருக்கு. செத்துப்போகலை. இதோ, டீக்கடையில உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருக்கு."

அவர் அட்டையைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அம்மா ஆண்டாளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

ரவூப் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தமிழில் சொன்னார். "தங்கச்சி, அந்த ரெண்டு ஆல்பத்தையும் கொண்டு வரேன். ஆனா அமாவாசை இல்லாத வாரமாப் பாத்து!"

பாட்டியின் டீ டம்ளர் காலியாக இருந்தது. ஆண்டாள் கடைக்காரரைப் பார்த்துப் பர்மிய மொழியில் சத்தமாகச் சொன்னாள்.

"இங்க பாப்பாவுக்கு இன்னொரு டீ!"