உருண்டைக் குமிழ்

முதல் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பிய ஜெயப்பிரகாஷ், அப்பா வைத்திலிங்கத்தைக் காணாமல் மரியபுஷ்பத்தின் குவார்ட்டர்ஸுக்கு ஓடினார். செக்யூரிட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், அந்த பிளாக்கில் எது தொலைந்தாலும் மரியபுஷ்பத்தைத்தான் தேடுவார்கள்.

"அப்பாவுக்கு விரல் மடங்காதுங்க. கதவுக் குமிழைத் திருப்பவே முடியாது. வேலைக்கு வர்ற மலர்கொடிதான் திறந்து விட்டிருக்கணும்," என்றார். போலீஸுக்குப் போகவும் தயாராக இருந்தார்.

அவர்கள் போனபோது ஜெயப்பிரகாஷ் வீட்டு வாசலில் மலர்கொடி அழுதுகொண்டு நின்றாள். பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போனதாகச் சத்தியம் செய்தாள். மரியபுஷ்பத்தின் கணவர் லியோ, அவளை இன்னும் நாலு கேள்வி கேட்கலாம் என்று பரபரத்தார். முந்திக்கொண்டு முடிவு கட்டுகிற மனுஷர், இந்த வயதில் மாறவா போகிறார்.

மரியபுஷ்பம் உள்ளே போய் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வைத்திலிங்கத்தின் காபி கப்புக்கு நாலு விரலும் நுழையும் பெரிய காது. கதவிலோ புத்தம்புதுக் குமிழ். அதற்கு மேலும் கீழும் நீளவாக்கில் பெயிண்ட் நிறம் மாறியிருந்தது. அதன் அடியில் ஈரத்துண்டு ஒன்று முறுக்கியபடி கிடந்தது. ஒரு முனையில் பல் பதிந்த தடம்.

"யாரும் திறந்து விடலை. துண்டைக் குமிழைச் சுத்தி, ஒரு முனையைப் பல்லால கடிச்சு, இன்னொண்ணை மணிக்கட்டுல சுத்தி இழுத்திருக்கார்."

லியோ அப்படியே செய்து பார்த்தார். மூன்றாம் முறை கதவு திறந்தது.

"இந்தப் பெயிண்ட் தடத்தைப் பாருங்க, இங்க முன்னாடி நீளத் தகடு வச்ச கைப்பிடி இருந்திருக்கு. முழங்கையால அமுக்கினாலே திறக்கும். அதை ஏன் கழட்டினீங்க, ஜெயப்பிரகாஷ்?"

அப்பா தனியாக வெளியே போய்விடக் கூடாதென்றுதான் என்று ஒப்புக்கொண்டார் ஜெயப்பிரகாஷ். போன மாதம் தனியாகப் போன அப்பா பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்ததையும், வேலையில் நிற்கும்போதெல்லாம் அந்த நினைப்பே தன்னைத் தின்றதையும் சொன்னார். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனாலும் பெற்றவரை அடைத்துவைத்ததை மறைக்க மலர்கொடிமேல் பழி போட்டது அநியாயம்தான்.

மலர்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வடலூர் சபைக்குப் போவணும்னு தெனம் சொல்லிக்கினே இருந்தாருங்க."

லியோ ஸ்கூட்டரில் பறந்தார். அரை மணியில் போன் வந்தது. வைத்திலிங்கம் சபையின் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். ஈறு கிழிந்திருக்கிறது, மற்றபடி நலம்.

"ஆனா குமிழைக் கழட்டினாத்தான் வருவேங்கிறாரு," என்றார் லியோ.

ஜெயப்பிரகாஷ் குமிழைக் கழட்டிவிட்டுப் பரணிலிருந்து பழைய கைப்பிடியை எடுத்து வந்தார். ஒரு கையால் அதைப் பிடித்தபடி முடுக்கியதில் ஸ்குரூ நிற்கவில்லை. மலர்கொடிதான் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.