சின்னவன் இறங்காத குழி

2043 நவம்பர் 19, காலை 10.40. வடசென்னை, மேட்டுக்குளம் இரண்டாவது தெரு, குழி எண் 212. மூடியைத் திறந்து இறக்கப்பட்ட துப்புரவி 0417 என்ற இயந்திரம், மூன்றாவது இரும்புப் படிக்குக் கீழே போகாமல் நின்றது.

குழிக்கு மேலே நான்கு பேர் இருந்தார்கள். இயந்திரத்தின் வடத்தைப் பிடித்திருந்தவர் தேசிங்கு. ஐம்பத்தொன்பது வயது. இருபத்தாறு ஆண்டுகள் கழிவுநீர்க் குழிகளில் தானே இறங்கியவர். கடந்த ஐந்து ஆண்டுகளாக இயந்திரத்தை இறக்குகிறவர். பக்கத்தில் அவருடைய உதவியாள் லாரன்ஸ். கணினிப் பலகையைப் பார்த்தபடி நப்பின்னை. இந்த இயந்திரங்களின் மூளையைக் கட்டிய ஆய்வுக்குழுவைச் சேர்ந்தவர். கொஞ்சம் தள்ளி, மூக்கில் கைக்குட்டையோடு உதவிப் பொறியாளர் மாசிலாமணி.

“இன்னாடா சின்னவனே, பயந்துகினு கீறியா?” என்று தேசிங்கு குனிந்து கேட்டார். சின்னவன் என்பது அவர் வைத்த பெயர்.

கீழே இயந்திரத்தின் விளக்கு இரண்டு முறை மின்னியது.

“அச்சமானி நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு காட்டுது,” என்றார் நப்பின்னை. “வாயு சரியா இருக்கு. தண்ணி மட்டம் சரி. சுவர்லயும் அதிர்வு இல்ல. ஏன்னு தெரியல அண்ணே.”

“கரப்பான்பூச்சிங்க உசுரோட ஓடுது மேடம். நல்ல காத்துதான்,” என்றான் லாரன்ஸ்.

முதல் தலைமுறைத் துப்புரவிகளுக்கு விதிகள் மட்டுமே உண்டு. வாயு இந்த அளவுக்குக் குறைவு என்றால் இறங்கு. அடைப்பைக் கண்டால் வெட்டு. இரண்டு ஆண்டுகளில் பதினொரு இயந்திரங்கள் திரும்பி வரவில்லை. எல்லா அளவுகளும் சரியாக இருந்த குழிகளில்தான் அவற்றில் ஏழு புதைந்தன.

நப்பின்னையின் குழு விதிகளைக் கைவிட்டு, மனித மூளையைப் பார்த்து ஒரு நரம்பு வலையைக் கட்டியது. அதில் விழைவுக்கு ஒரு கணுத்தொகுதி, அச்சத்துக்கு இன்னொன்று. அடைப்பை எடுக்க வேண்டும் என்ற விழைவு இயந்திரத்தைக் கீழே தள்ளும். திரும்ப முடியாமல் போய்விடும் என்ற அச்சம் மேலே இழுக்கும். எது மிகுதியோ அதற்குக் கைகால்கள் பணியும். விழைவைக் கற்பிப்பது எளிதாக இருந்தது. அச்சத்தைக் கற்பிக்க மனிதர்கள் தேவைப்பட்டார்கள். முன்பு குழியில் இறங்கிய நாற்பத்தாறு பேரை வரவழைத்து, நாடியும் வியர்வையும் பதிவாகும் பட்டைகளைக் கையில் கட்டி, பழைய இறக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார்கள். தேசிங்கு மூன்று வாரம் போனார். அதற்குப் பிறகு ஒரு துப்புரவிகூடத் தொலையவில்லை.

யாரும் திட்டமிடாத ஒன்றையும் வலை கற்றுக்கொண்டிருந்தது. குழியில் ஒருவர் இறங்கினால் மேலே நிற்பவர் விடாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். பதில் தாமதமானால் கயிற்றை இழுத்துவிடலாம். இயந்திரத்துக்கு அது தேவையில்லை. ஆனாலும் பழக்கம் விடாமல் தேசிங்கு முதல் நாளிலிருந்தே குரல் கொடுத்தார். இரண்டாம் வாரத்தில் 0417 விளக்கை இரண்டு முறை மின்னிப் பதில் சொல்லத் தொடங்கியது. நப்பின்னை பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். நாற்பத்தாறு பேருக்கும், மேலிருந்து வந்த குரலைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நாடி தணிந்திருந்தது. தேசிங்கு கூப்பிடும்போதெல்லாம் இயந்திரத்தின் அச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. இதைச் சொன்னபோது தேசிங்கு அன்று முழுக்கச் சிரித்தபடியே இருந்தார்.

“மூணு நாளா அறுபது வீட்டு வாசல்ல கழிவு நிக்குது,” என்றார் மாசிலாமணி. “குழந்தைங்களுக்கு வயித்துப்போக்கு. நான் என்ன பதில் சொல்றது? அந்த அச்சத்தைக் கொஞ்சம் குறைங்கம்மா.”

“குறைச்சா எல்லாக் குழியிலயும் குறைஞ்சுதான் இருக்கும் சார். ஒரு குழிக்கு மட்டும் தைரியம் கொடுக்க முடியாது.”

“அப்ப தேசிங்கு, நீங்க கூப்பிடுங்க. உங்க பேச்சைக் கேக்குமே.”

தேசிங்கு வடத்தைக் கொஞ்சம் தளர்த்தினார். “நான் மேலதான்டா கீறேன். போ.”

விளக்கு மின்னியது. இயந்திரம் நான்காவது படிக்குக் காலை வைத்தது. பிறகு ஐந்தாவது.

“அறுபத்துநாலு,” என்றார் நப்பின்னை.

“பாத்தீங்களா,” என்றார் மாசிலாமணி. “இன்னும் கூப்பிடுங்க.”

தேசிங்கு கூப்பிடவில்லை. கீழே விளக்கு மறுபடி இரண்டு முறை மின்னியது. கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு முறை மின்னியது.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய தம்பி ஏகாம்பரம் ஒரு குழியின் மூன்றாவது படியில் நின்று, அண்ணாந்து பார்த்து, “அண்ணா, ஒருமாதிரி இருக்குது” என்றான். காற்றைச் சோதிக்க உள்ளே காட்டிய தீக்குச்சி நன்றாக எரிந்திருந்தது. கரப்பான்பூச்சிகள் ஓடின. “நான் மேலதான் கீறேன், போ” என்றார் தேசிங்கு. அவன் போனான். பட்டை கட்டிய மூன்று வாரங்களிலும் அவர் சொல்லாமல் விட்ட இறக்கம் அது ஒன்றுதான்.

“வந்துடுடா,” என்றார் தேசிங்கு. “வாணாம். நீ மேல வந்துடு.”

இயந்திரம் அசையவில்லை. இந்தச் சொற்களை அது அந்தக் குரலில் கேட்டதில்லை. தேசிங்கு மறுபடியும் மெதுவாகச் சொன்னார். ஐந்தாவது படியிலிருந்த கால் நான்காவதுக்கு வந்தது. ஒவ்வொரு படிக்கும் அவர், “வா, வா” என்று சொல்லிக்கொண்டே வடத்தைச் சுற்றினார். மேலே வந்ததும் ஈரத்துணியால் விளக்கின் மேலிருந்த கசட்டைத் துடைத்தார்.

“ஏன் அண்ணே? போய்க்கிட்டு இருந்துச்சே,” என்றார் நப்பின்னை.

“என் குரலைக் கேட்டா அதுக்குப் பயம் போவுது மேடம். கீழ இருக்கறது இன்னான்னு எனக்குத் தெரியுமா? நான் மேல நின்னுகினு கீறேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ஒரு எறக்கம் உங்ககிட்ட சொல்லாம வுட்டுட்டேன். இன்னொரு நாள் பட்டையை எடுத்துகினு வாங்க,” என்றார்.

மாசிலாமணி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜீப்பைத் திறந்து முகமூடியையும் காற்று உருளையையும் எடுத்து வைத்தார். அவசர நேரத்தில் ஆளை இறக்கலாம் என்று விதியில் ஒரு வரி இருந்தது.

“லாரன்ஸ், பத்து நிமிஷ வேலை. மேல தேசிங்கு இருக்காரு.”

லாரன்ஸ் தேசிங்கைப் பார்த்தான்.

“நான் குரல் கொடுக்க மாட்டேன் சார்,” என்றார் தேசிங்கு.

லாரன்ஸ் முகமூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். “சார், சின்னவன் எறங்கலன்னா ஒரு படிவம் எழுதுவீங்கல்ல?”

“ஆமா. விலை உயர்ந்த கருவி. மறுத்தா பதிவு பண்ணணும்.”

“அதுல காரணம்னு ஒரு எடம் இருக்குதே. இன்னா எழுதுவீங்க?”

“அச்சம்னு எழுதணும். அதுதான் முறை.”

“நான் எறங்கலன்னா எதுல எழுதுவீங்க?”

மாசிலாமணி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். “ஆளுங்களுக்குப் படிவம் கிடையாதுப்பா.”

“அப்ப அதுலயே எழுதிடுங்க சார். அதே காரணம்தான். மெஷினுக்கு அத நாங்கதான் கத்துக்குடுத்தோம்.”

மாசிலாமணி ஜீப்பின் மேல் படிவத்தை வைத்து நீண்ட நேரம் எழுதினார். பிறகு சாலையை மேலிருந்து தோண்டும் வண்டிக்குத் தொலைபேசியில் சொன்னார்.

தோண்டுவதற்கு நான்கு நாள் ஆனது. அதுவரை அறுபது வீடுகளுக்கும் லாரியில் குடிநீர் வந்தது. நான்காம் நாள் குழி 212 முழுதாகத் திறக்கப்பட்டது. சுவர் உறுதியாக இருந்தது. நச்சு வாயு இல்லை. அடைப்பு பழைய துணிகளும் ஒரு தென்னை மட்டையும்தான்.

படிவத்தில், மறுத்த துப்புரவியின் எண் என்ற இடத்தில் 0417 என்றும், அதற்குக் கீழே பேனாவில் லாரன்ஸ் என்றும் இருந்தது. காரணம் என்ற இடத்தில் இருவருக்கும் சேர்த்து ஒரே சொல். அலுவலகத்தில் அதை யாரும் திருத்தவில்லை.