அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில்

கேமராத் திரையில் மனைவிக்கும் மகனுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

"இன்னும் நெருங்கி உட்காருங்க," என்றார் பெரியவர்.

"இதுக்கு மேல நெருங்கினா அம்மா மடியிலதான் உட்காரணும்ப்பா," என்றான் மகன். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திரையிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தார். உண்மைதான், இருவரும் தோளோடு தோள் ஒட்டித்தான் இருந்தார்கள். மீண்டும் திரையைப் பார்த்தார். இடைவெளி அப்படியே இருந்தது. அந்த இடத்தில் சோபாவின் மெத்தை, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் குழிந்திருந்தது.

விடுமுறைக்கு எங்கே போனாலும் கடைசி நாள் சாயங்காலம் குடும்பம் வரிசையாக உட்கார வேண்டும். அவர் "போதும்" என்று சொல்லும்வரை ஒருவரும் அசையக்கூடாது. அந்தப் படங்கள்தான் வீட்டுக் கூடத்தை நிறைத்திருந்தன. வருகிறவர்கள் பார்த்து மெச்சுவார்கள். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்த மகள், அவர் பேச்சை மீறி ஒருவனோடு போனபிறகு, எல்லாப் படங்களையும் கழற்றி, ஸ்கேலை வைத்துப் பிளேடால் அவளைச் சீராக வெட்டியெடுத்து, மிஞ்சியதை ஒட்டி மாட்டினார். போன மழைக்காலத்தில் அவள் இறந்த செய்தி வந்தது. அவர் போகவில்லை, யாரையும் போகவிடவும் இல்லை. அத்தை என்று ஒருத்தி இருந்ததே பேத்திக்குத் தெரியாது.

வாடகைக்கு எடுத்திருந்த அந்த ஏரிக்கரை வீட்டில் ஈரச் சுவரின் வாசம் மூக்கில் ஏற, சரியாகச் சாத்தாத ஏதோ ஒரு ஜன்னல் காற்றில் விட்டுவிட்டு முனக, மங்கிய விளக்கொளியில் நால்வரின் நிழல்களும் பின்சுவரில் விழுந்து அடங்கியபிறகு, சற்றுத் தாமதமாக இன்னொரு நிழல் வந்து அமர்ந்ததுபோல் இருந்தது அவருக்கு. பெற்ற பிள்ளை முன்னால் பயத்தைக் காட்டுவதா? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாண்டு, நீ போய் அப்பாவுக்கும் பாட்டிக்கும் நடுவுல உட்காரு."

பேத்தி அம்மா மடியிலிருந்து குதித்துப் போய் நுழைந்தாள். திரையில் அளவெடுத்ததுபோல் இடைவெளி மூடிக்கொண்டது. அப்பாடா.

"தாத்தா, இடிக்குது. அத்தை நகரவே மாட்டேங்கிறாங்க."

மனைவியின் முகம் வெளுத்தது. "என்னங்க..." என்றவள், அவர் பார்த்த பார்வையில் மறுபடி சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டாள்.

"பேசாதே வாண்டு. நேரா பாரு."

"அவங்க இடமாம் தாத்தா இது. பரவாயில்ல, மடியில உட்காருன்னு சொல்றாங்க."

பொத்தானை அழுத்தினார்.

படம் திரையில் வந்தது. மனைவி. மகன். மருமகள். நடுவில் வெள்ளை. நேர்க்கோடாக அதன் விளிம்புகள்.

பேத்தி இல்லை.

சட்டென்று தலையைத் தூக்கினார். சோபாவில் இருந்தாள். அதே கவுன். அதே சிரிப்பு. போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அவள் இமைக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

"வாண்டு... இங்க வாடா கண்ணு. தாத்தாகிட்ட வா."

வரவில்லை. மற்ற மூவரும் அவருக்குப் பயந்து கேமராவையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் யாரோ கூப்பிட்டதுபோல் அவள் மட்டும் மெல்லத் திரும்பினாள்.

கன்னம் இல்லை. காது இல்லை. பக்கவாட்டில் எதுவுமே இல்லை.

ஒரு தாளின் விளிம்பு மட்டும். காற்றில் லேசாக ஆடியபடி.